கர்னல் பென்னிகுவிக்: படைவீரர் வாழ்வும் பெரியாற்று நீரும்

கம்பம் பள்ளத்தாக்கிலே பிறந்த எவருக்கும் பென்னிகுவிக் என்ற பெயரைப் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. வீட்டுச் சுவரிலே சாமி படங்களுக்கு அருகில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரரின் படம் தொங்குவதை இப்பகுதியில் எத்தனையோ இல்லங்களில் காணலாம். பொங்கல் நாளில் அவர் படத்துக்கு மாலையிட்டு, அதன் முன்னே பொங்கல் வைக்கும் ஊர்களும் உண்டு. எங்கள் குச்சனூருக்குச் சனீஸ்வர பகவானைத் தரிசிக்க வரும் வெளியூர் அன்பர்கள் சுரபி நதியில் நீராடுகிறார்கள். அந்த நீரில் மேற்கு மலைக்கு அப்பால் பிறந்த பெரியாற்றின் நீரும் கலந்து வருகிறது என்பதை அவர்களில் பலர் அறியார். ஊரார் அறிவர், இரண்டு போகம் நெல் விளைவது அதனால்தான் என்பதையும் அறிவர்.

ஆனால் அவர் யார்? அணை கட்டியவர் பொறியாளராக அல்லவா இருக்கவேண்டும். அவர் பெயருக்கு முன்னே ‘கர்னல்’ என்ற படைப்பட்டம் ஏன் நிற்கிறது? பள்ளிப் பருவம் முதல் என் மனத்தில் இருந்த கேள்வி இது. இதற்கு விடை தேடப் புகுந்தால், ஆங்கிலப் பேரரசு தன் படை அதிகாரிகளை எப்படி உருவாக்கியது, எதற்கெல்லாம் பயன்படுத்தியது என்ற பெரிய கதைக்குள் நுழைந்துவிடுகிறோம்.

ஜான் பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையாரின் பெயரும் ஜான் பென்னிகுவிக்தான். அவர் படையில் பிரிகேடியர். கிழக்கிந்தியக் கம்பெனி பஞ்சாபைக் கைப்பற்றுவதற்காகச் சீக்கியருடன் நடத்திய இரண்டாம் போரில், 1849ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் சிலியன்வாலா என்ற இடத்திலே பெரும் சண்டை மூண்டது. தந்தையார் அதில் மாண்டார். அதே களத்தில் அவருடைய மகன் அலெக்சாண்டரும் விழுந்தான். அவனுக்கு வயது பதினேழுதான். இளையவனான நம் ஜானுக்கு எட்டாவது பிறந்தநாள் வர இரண்டு நாட்களே இருந்தன.

இந்த இடத்திலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது ஒரு நாட்டைப் பிடிக்க நடந்த போர். சீக்கியர் தங்கள் மண்ணைக் காக்கப் போராடினார்கள். நம் பகுதி மக்கள் கைகூப்பி வணங்கும் மனிதர் அந்தப் பேரரசின் படைக்குடும்பத்தில் வந்தவர் என்பதை மறைத்துவிட்டு அவர் வரலாற்றை எழுத முடியாது; எழுதவும் கூடாது என்பது என் எண்ணம்.

தந்தையையும் தமையனையும் போரிலே பறிகொடுத்த சிறுவன் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், பின்னர் அடிஸ்கோம்பு என்ற இடத்திலிருந்த இராணுவக் கல்லூரியிலும் பயின்றான். இந்த அடிஸ்கோம்பு கல்லூரியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறினால்தான் ‘கர்னல்’ பட்டத்தின் புதிர் விடுபடும். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு வேண்டிய பீரங்கிப்படை அதிகாரிகளையும் பொறியியல் படை அதிகாரிகளையும் அங்கேதான் தயாரித்தது. கணிதம், நில அளவை, வரைபடம், கோட்டை கட்டும் கலை ஆகியவை அங்கே முக்கியப் பாடங்கள். தேர்வில் முன்னணியில் நின்றவர்களே பொறியியல் படைக்குப் போவது வழக்கம். ஆற்றுக்குப் பாலம் போடவும், மலையில் பாதை வெட்டவும், பகைவர் கோட்டைக்குச் சுரங்கம் தோண்டி வெடி வைக்கவும் படைக்கு ஆள் வேண்டும் அல்லவா? போர் இல்லாத காலத்தில் அந்த அதிகாரிகளைச் சும்மா வைத்துச் சம்பளம் கொடுக்க எந்த அரசும் விரும்பாது. சாலை, கால்வாய், அணை, கலங்கரை விளக்கம் என்று நாட்டு வேலைகளுக்கு அனுப்பிவிடும். பொதுப்பணித் துறையின் தொடக்க காலத் தலைவர்கள் பலர் இவ்வாறு வந்தவர்களே. கொள்ளிடத்தில் அணைகள் கட்டியவரும், கோதாவரியிலே தவளேசுவரத்தில் அணை கட்டி ஆந்திர மக்களின் அன்பைப் பெற்றவருமான சர் ஆர்தர் காட்டனும் அடிஸ்கோம்பில் படித்துச் சென்னைப் பொறியியல் படையில் சேர்ந்தவர்தாம். நம் பென்னிகுவிக்கும் 1858ஆம் ஆண்டில் அதே படையிலே லெப்டினென்டாக நியமனம் பெற்றார். 1860ஆம் ஆண்டில் இந்தியா வந்து சேர்ந்தார்.

வந்தவர் அணைகளோடு மட்டும் இருந்துவிடவில்லை. 1867, 68ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்தபோது அதிலும் சேர்ந்து சென்று திரும்பினார். படை அதிகாரிக்கு உத்தரவு வந்தால் புறப்படவேண்டும். நாட்டு வேலை என்பது இரவல் வேலைதான். 1879இல் கிரேஸ் ஜார்ஜியானா ஷாமியே என்ற பெண்மணியை மணந்தார். பெண்மக்கள் ஐவரும் ஆண் ஒருவனும் பிறந்தனர்.

இனிப் பெரியாற்றுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. அந்த நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு பெரியாறு அரபிக் கடலுக்குப் போகிறது. மலையின் இப்பக்கமோ மழை மறைவுப் பகுதி. வையை ஆற்றில் வெள்ளம் வரும் நாட்கள் சிலவே. மணல் தெரியும் மாதங்களே மிகுதி. அங்கே வீணாகும் நீரை இங்கே திருப்பினால் என்ன என்று நினைத்தவர் எந்த ஆங்கிலேயரும் அல்லர். இராமநாதபுரம் சேதுபதி மன்னரிடம் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளையே 1789ஆம் ஆண்டு வாக்கில் இதற்கு ஆள் அனுப்பி இடம் பார்த்தவர். பொருள் வசதி போதாமையால் அது அந்த அளவிலே நின்றது. 1808இல் காப்டன் கால்டுவெல் என்ற அதிகாரி மலையைப் பார்வையிட்டு, இது நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். 1850இல் காப்டன் பேபர் சிறியதோர் அணையைத் தொடங்கினார். காய்ச்சலுக்கு அஞ்சிக் கூலியாட்கள் நிற்காமல் போகவே வேலை கைவிடப்பட்டது. அடுத்து மேஜர் ரைவ்ஸ் மண் அணைத் திட்டம் ஒன்றைத் தயாரித்தார். இப்படித் திட்டங்கள் கோப்பிலே தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ‘தாது வருசத்துப் பஞ்சம்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த மரண ஓலத்துக்குப் பிறகே அரசு விழித்தது. பஞ்ச நிவாரணத்துக்குச் செலவழிப்பதைவிடப் பாசனம் அமைத்து வரி வாங்குவது இலாபம் என்ற கணக்கும் அதில் இருந்தது. கருணை மட்டுமே காரணம் என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

1882ஆம் ஆண்டில் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. அவரது மதிப்பீட்டுக்கு இசைவும் கிடைத்தது. ஆனால் இடம் திருவிதாங்கூருக்குச் சொந்தம். பேச்சு நீண்டு, 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் குத்தகை ஒப்பந்தம் முடிந்தது. திருவிதாங்கூர் சார்பில் திவான் இராமய்யங்காரும், ஆங்கில அரசின் சார்பில் ரெசிடெண்டு ஹானிங்டனும் கையெழுத்திட்டனர். 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய். காலம் 999 ஆண்டுகள். (1970ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஏக்கருக்கு 30 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது.)

திட்டத்தின் நுட்பம் எளிமையானது. ஆனால் பலர் கவனியாதது. முல்லையாறும் பெரியாறும் கூடும் இடத்துக்குக் கீழே, ஆற்றுக்குக் குறுக்கே அணை. அணை நீரைத் தேக்குவதற்கு மட்டும் அன்று, நீரை உயர்த்துவதற்கு. ஆற்று மட்டத்திலே ஓடும் நீரால் மலைமுகட்டைத் தாண்ட முடியாது. அதை உயர்த்தி உயர்த்தி, தேக்கடிப் பக்கத்துப் பள்ளத்தாக்கு வரைக்கும் ஏரியாகப் பரவச் செய்து, அங்கே மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் நீளமுள்ள சுரங்கம் வழியாகக் கிழக்கே தள்ளிவிட வேண்டும். சுரங்க வாயில் தொடங்குவது 104 அடி மட்டத்தில். அதற்குக் கீழுள்ள நீர் நமக்கு ஒருபோதும் வருவதில்லை. மேலே நிற்கும் நீரைத் தூக்கிப் பிடிக்கும் ஏணி அது. சுரங்கத்தைக் கடந்த நீர் வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றோடு கூடிப் பள்ளத்தாக்கை நனைத்துக்கொண்டு வையையில் சேர்கிறது. மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியது என்பது இதுதான்.

அணையின் உயரம் 176 அடி. நீளம் சுமார் 1,200 அடி. உச்சியில் 12 அடி அகலம், அடியில் 138 அடி அகலம். அடிப்பகுதி ஏன் அவ்வளவு பருமன்? நாம் இயற்பியலில் படித்த நீர் அழுத்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன அடி நீரின் எடை 62.4 ராத்தல். 152 அடி ஆழத்தில் ஒரு சதுர அடி மீது விழும் அழுத்தம் ஏறக்குறைய 9,485 ராத்தல், அதாவது நான்கு டன்னுக்கு மேல். அணையில் ஓரடி நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அதை நீர் தள்ளும் மொத்த விசை சுமார் 320 டன்! இதைத் தாங்கி நிற்பது இரும்புக் கம்பியோ வளைவோ அன்று; அணையின் சொந்த எடை. எனவேதான் இதனை எடை அணை என்கிறோம்.

வேதியியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் காரைதான். அக்காலத்தில் போர்ட்லண்டு சிமெண்டு சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டிய பண்டம். நம் நாட்டில் போர்பந்தரில் சிமெண்டு ஆலை இயங்கியது 1914இல்தான். ஆகவே சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையும், அதில் செய்த கான்கிரீட்டும் பயன்பட்டன. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி, வேறொன்றும் இல்லை. வெறும் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. நீருக்குள்ளும், 138 அடி பருமனுள்ள கட்டடத்தின் நடுவிலும் காற்று ஏது? அங்கேதான் சுர்க்கி கைகொடுக்கிறது. சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் நீற்றிய சுண்ணாம்போடு நீரின் முன்னிலையில் வினைபுரிந்து, நீரில் கரையாத கால்சியம் சிலிக்கேட்டுச் சேர்மங்களாகின்றன. காற்று தேவையில்லை, ஈரமே நல்லது. வினை மெதுவானது, மாதக்கணக்கில் நடப்பது. நாளாக ஆக உறுதி கூடுகிறது. இத்தாலியில் எரிமலைச் சாம்பலைக் கலந்து ரோமானியர் துறைமுகம் கட்டியதும் இதே வினையைக் கொண்டுதான். நம் ஊர்க் கொத்தனார்களுக்கும் செங்கல்பொடிக் காரை புதிதல்ல.

1887ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. கடல் மட்டத்துக்கு மேலே மூவாயிரம் அடியை நெருங்கிய உயரம். சாலை இல்லை, ஊர் இல்லை, யானையும் அட்டையும் மலேரியாவுமே உண்டு. பருவமழைக் காலத்தில் ஆற்றில் கை வைக்க முடியாது. மழை நின்றால் காய்ச்சல் காலம் வருமுன் முடிந்ததைச் செய்துகொள்ள வேண்டும். ஆற்றைத் திருப்பி வைக்கப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. இங்கேதான் படைவாழ்வு அவருக்குத் துணைநின்றிருக்க வேண்டும். சென்னைப் பயனியர் படையின் 1ஆம், 4ஆம் பட்டாளங்கள் இந்த வேலைக்கு வரவழைக்கப்பட்டன. பயனியர்கள் என்போர் துப்பாக்கியோடு கடப்பாரையும் மண்வெட்டியும் பிடிக்கப் பழகிய சிப்பாய்கள். நம் தமிழ்நாட்டு, தென்னாட்டு ஆட்கள். கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வந்தனர். பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கூலி மக்கள் மலையேறினர். நோயால் மாண்டவர் மட்டும் நானூற்றுக்கு மேற்பட்டோர் என்று கணக்கு இருக்கிறது. அணைக்கு அருகிலேயே அவர்களைப் புதைத்த இடமும் உண்டு. அவர்கள் படம் எந்த வீட்டிலும் தொங்கவில்லை.

1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். சுரங்கம் வழியே நீர் கிழக்கே இறங்கியது.

இப்போது எல்லாரும் சொல்லும் ஒரு கதைக்கு வருகிறேன். பாதியிலே வெள்ளம் அணையை அடித்துக்கொண்டு போனதாகவும், அரசு இனிப் பணமில்லை என்று கைவிரித்ததாகவும், பென்னிகுவிக் சீமைக்குப் போய்த் தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்ததாகவும் கதை. என் அப்பா பள்ளிக்கூடம் போனவரல்லர். மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். ஆயினும் இதற்கு ஓர் ஆவணத்தைக் கூட எவரும் எடுத்துக்காட்டக் காணோம். குத்தகை அரசின் பெயரில். திட்டம் அரசின் திட்டம். பட்டாளம் அரசின் பட்டாளம். பெரியாற்றுத் திட்டத்தின் வரலாற்றை 1899இல் மெக்கன்சி எழுதியதும் அரசுப் பணியாகவே. செலவோ பல பத்து இலட்சம் ரூபாய். சம்பளத்தில் வாழ்ந்த ஓர் அதிகாரியின் வீட்டுச் சொத்தால் அதைத் தாங்க முடியுமா என்று கணக்குப் பார்த்தாலே சந்தேகம் பிறக்கிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “விக்காட்டி என்னப்பா, தண்ணி வந்துச்சுல்ல?” என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் என் கருத்து ஒன்று உண்டு. நகையை விற்றார் என்று சொன்னால்தான் அவர் பெரியவர் என்றில்லை. முன்னே வந்த அதிகாரிகள் முடியாது என்று எழுதிவிட்டுப் போன, அல்லது தொடங்கிக் கைவிட்ட ஒரு வேலையை, 1882 முதல் 1895 வரை பதின்மூன்று ஆண்டுகள் விடாமல் பிடித்து நடத்தினார். மதிப்பீடு எழுதி, மேலதிகாரிகளின் ஐயங்களுக்கு விடை எழுதி, வெள்ளம் கொண்டுபோன கரையை மறுபடியும் போட்டு, காய்ச்சல் காட்டிலே ஆட்களை நிறுத்திவைத்து வேலை வாங்குவது சாமானிய காரியமா? கதை ஒரு மனிதரைத் தெய்வமாக்கி, அவரோடு உழைத்த ஆயிரமாயிரம் பேரை மறைத்துவிடுகிறது. முத்திருளப்ப பிள்ளையையும் மறைத்துவிடுகிறது. உண்மை வரலாற்றிலே எல்லாருக்கும் இடம் இருக்கிறது.

அணை முடிந்த ஆண்டிலேயே அவருக்கு சி.எஸ்.ஐ. விருது கிடைத்தது. சென்னை அரசின் பொதுப்பணித் துறைச் செயலாளர் பதவி வரை உயர்ந்தவர், ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்று, 1896 முதல் 1899 வரை கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். இந்தியாவுக்குப் பொறியாளர்களை உருவாக்கவே ஏற்பட்ட கல்லூரி அது. 1897இல் லண்டன் பொறியாளர் கழகத்தில் பெரியாற்றைத் திருப்பிய வரலாற்றைக் கட்டுரையாகப் படித்தார். 1899இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குச் சென்று, அங்குள்ள ஆற்று வெள்ளத்தைத் தடுக்க யோசனை கூறினார். 1911ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் கேம்பர்லி என்ற ஊரில் காலமாகி, அருகிலுள்ள பிரிம்லி தேவாலயத்தில் அடக்கமானார். ஒரே மகனும் தந்தை வழியிலே பொறியியல் படையில் சேர்ந்தான். முதல் உலகப்போரில், 1914இல், பிரான்சிலே பகைவர் வரும் வழியிலிருந்த பாலத்தை வெடிவைத்துத் தகர்த்ததற்காக டி.எஸ்.ஓ. பதக்கம் பெற்றான். தந்தை கட்டினார், மகன் தகர்த்தான். இரண்டும் ஒரே படையின் தொழில்தான்.

அணையைப் பற்றிய பிற்காலச் செய்திகள் நண்பர்கள் அறிந்தவையே. உறுதி பற்றி ஐயம் எழுந்ததால் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் உச்சியில் கான்கிரீட் பாரம் ஏற்றியும், கம்பி வடங்களைப் பாறை வரை இறக்கி இழுத்துக் கட்டியும், பின்புறம் கான்கிரீட் சுவர் எழுப்பியும் அணை பலப்படுத்தப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2006இலும், மீண்டும் 2014 மே 7ஆம் நாளிலும் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது, அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அதேபோல, கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்நீரை நம்பியிருப்பதையும், மதுரை, இராமநாதபுரம் வரை குடிக்கவும் பயிரிடவும் இது போவதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பென்னிகுவிக்கின் நினைவாகக் கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் தமிழக அரசு கட்டிய மணிமண்டபம் 2013 ஜனவரி 15ஆம் நாள் திறக்கப்பட்டது. கேம்பர்லியிலும் 2022இல் அவருக்கு ஒரு சிலை வைக்கப்பட்டது. அணைக்குப் போக அனுமதி வேண்டும், மணிமண்டபத்துக்கு வேண்டியதில்லை. லோயர் கேம்ப்பில் இறங்கி மலையை அண்ணாந்து பார்த்தால், மின் நிலையத்துக்கு நீர் இறக்கும் பெரிய குழாய்கள் சரிவிலே வரிசையாக இறங்குவது தெரியும். மலைக்கு அப்பால் பெய்த மழை அவற்றின் வழியாகத்தான் வருகிறது.